சிங்க் பாதிதான் முடிந்திருக்கிறது, வெளியிடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் சேர்ந்து சிறு கடைகளுக்கான ஒரு கடன் நோட்டுச் செயலியைக் கட்டற்ற மென்பொருளாக எழுதி, எஃப்-டிராய்டு என்ற கட்டற்ற செயலிகளுக்கான தளம் வழியாகக் கொடுத்து வருகிறோம். எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் சிலர் தினமும் அதில்தான் கணக்கு எழுதுகிறார்கள். முகம் தெரியாத பலரும் பயன்படுத்துவது வருகிற பக் (பிழை) புகார்களிலிருந்து தெரிகிறது. எல்லோரும் கேட்பது ஒன்றே: கடையில் ஒரு போன், வீட்டில் ஒரு போன், இரண்டிலும் ஒரே கணக்கு வேண்டும். ஒரு கல்லூரி மாணவர் அதற்கான சிங்க் வசதியை எழுதித் தந்தார். ஒன்றில் எழுதினால் மற்றதில் வந்துவிடுகிறது. ஆனால் ஒரே பதிவை இரண்டு போனிலும் திருத்தினால் ஒரு திருத்தம் காணாமல் போகிறது. அழித்த பதிவு சில நேரம் திரும்பி வருகிறது. பல மாதங்களாக அது முதன்மை நிரலில் சேராமல் ஒரு தனிக் கிளையில், பிராஞ்சிலேயே கிடக்கிறது. “பீட்டா (சோதனைப் பதிப்பு) என்று போட்டு விட்டுவிடலாம், ஆள் பயன்படுத்தினால்தான் பக் தெரியும், லைசென்ஸிலேயே உத்தரவாதம் இல்லை என்றுதானே இருக்கிறது” என்கிறான் ஒரு நண்பன். முழுதாக முடியும்வரை தொடவே கூடாது என்கிறான் இன்னொருவன். எழுதிய மாணவர் மனம் விட்டுப்போய் இருக்கிறார். இதோடு மாதாந்திர வரைபட அறிக்கை ஒன்றும் அரைகுறையாக நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள தம்பி, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரு வழி சிங்க்கை இந்தப் பதிப்பில் கடைக்காரர்கள் கைக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அந்த நிரலைப் பிராஞ்சிலும் கிடக்க விடாதீர்கள். வரைபட அறிக்கையை, அது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும், அடுத்த பதிப்பிலேயே வெளியிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் இருவரும் ‘முடிந்ததா, முடியவில்லையா’ என்றே வாதாடுகிறார்கள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது, ஏனென்றால் எந்த மென்பொருளும் முடிவதில்லை. நான் கேட்கச் சொல்வது வேறு: இது தப்பாகப் போனால், பயன்படுத்துபவர் நேற்று இருந்த நிலைக்குத் திரும்பிப் போக முடியுமா? முடியும் என்றால் துணிந்து வெளியிடலாம். முடியாது என்றால், எந்தப் பெயர் ஒட்டினாலும் வெளியிடக் கூடாது.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில் திரைக்காட்சியின் அடித்தளத்தையே மாற்றி, பழைய எக்ஸ்-ஆர்கிற்குப் பதிலாக வேலேண்டை இயல்பு நிலையாக வைத்தார்கள். அது அப்போது முழுமையாக இல்லை. திரையைப் பகிர்வது, தொலைவிலிருந்து இயக்குவது போன்றவற்றில் ஓட்டை இருந்தது. அடுத்து வந்த 18.04 நீண்ட கால ஆதரவுப் பதிப்பு என்பதால் அதில் மறுபடி எக்ஸ்-ஆர்கிற்கே போய்விட்டார்கள். 2021இல் 21.04 பதிப்பில்தான் வேலேண்ட் திரும்ப இயல்பு நிலையாக வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, யாருடைய கோப்பும் போகவில்லை என்பது. உள்நுழையும் திரையில் ஒரு தேர்வை மாற்றினால் பழைய உலகம் அப்படியே இருந்தது. அதனால் அவர்கள் முன்னே போகவும் முடிந்தது, பின்னே வரவும் முடிந்தது. அரைகுறையை வெளியிட்டதற்கு நல்ல உதாரணமாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

உங்கள் சிங்க் அப்படிப்பட்டது அல்ல. அது கடைக்காரரின் டேட்டாபேஸில் கை வைக்கிறது. ஆண்ட்ராய்டில் புதிய பதிப்பின் மேல் பழையதை நிறுவ முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். செயலியை நீக்கிவிட்டுத்தான் பழையதைப் போட வேண்டும், நீக்கினால் உள்ளே இருக்கிற தரவும் போகும். ப்ளே ஸ்டோரில் இருப்பதுபோல் நூற்றில் ஐந்து பேருக்கு மட்டும் முதலில் கொடுத்துப் பார்க்கிற வசதியும் எஃப்-டிராய்டில் கிடையாது. போட்டால் எல்லோருக்கும் போகிறது. கடையில் இருக்கிற போன் இன்று அப்டேட் ஆகும், வீட்டில் இருப்பது அடுத்த மாதம் ஆகும். அந்த இடைக்காலத்தில் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒன்றோடொன்று பேசினால் என்ன நடக்கும் என்று நீங்கள் சோதித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. சிங்க் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகிற இடம் அது.

அதைவிட எனக்குக் கவலை தருவது இழப்பு சத்தமில்லாமல் நடப்பது. செயலி நின்றுபோனால் கடைக்காரருக்குத் தெரியும், உங்களுக்குப் போன் வரும். ஒரு திருத்தம் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் “நான் அன்றைக்கே ஐந்நூறு கொடுத்துவிட்டேனே” என்று வாடிக்கையாளர் சொல்லும்போது கடைக்காரர் போனைப் பார்ப்பார், அதில் அந்த வரவு இருக்காது. அவர் போனைத்தான் நம்புவார். எதிரே நிற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பார். தலைமுறையாக வந்துபோகிற குடும்பத்துக்கும் அந்தக் கடைக்கும் இடையே ஒரு கசப்பு விழும், அதற்குக் காரணம் உங்கள் நிரல் என்பது இரண்டு பேருக்குமே கடைசிவரை தெரியாது. லைசென்ஸில் உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருப்பது உங்களை வழக்கிலிருந்து காக்கும், அவ்வளவுதான். அந்த வரிகள் எழுதப்பட்டது தெரியாமல் நடக்கிற பிழைகளுக்காக. பதிவு காணாமல் போகிறது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே வெளியிடுவதற்கு அதைச் சாக்காகச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் நண்பரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பீட்டா என்று பெயர் போடுவதைப் பற்றி. லினக்ஸில் பயன்படும் மேசைத்தளமான (டெஸ்க்டாப்) கேடிஇயின் 4.0 பதிப்பு வெளிவந்தது 2008 ஜனவரி 11ஆம் தேதி. அடித்தள நூலகங்கள் ஓரளவு நிலைபெற்றுவிட்டன, மேல்தளம் இன்னும் ஆகவில்லை என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். இது ஆர்வலர்களுக்கும் செயலி எழுதுபவர்களுக்கும்தான் என்று அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். மின்னஞ்சல், நாட்காட்டிச் செயலிகளின் தொகுப்பு அதில் சேரவே இல்லை, 4.1இல்தான் வந்தது. ஆனால் எண் 4.0 என்று இருந்தது. உபுண்டு போன்ற லினக்ஸ் வினியோகங்களைத் தொகுப்பவர்கள் அந்த எண்ணைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் வந்த ஃபெடோரா 9 என்ற வினியோகம், பழைய கேடிஇ 3 மேசைத்தளத்தை விட்டுவிட்டு 4.0 வரிசையையே கொடுத்தது. எச்சரிக்கையைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆயிரக்கணக்கானோர் கையில் அது போய்ச் சேர்ந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே கேடிஇயை விட்டு இன்னொரு மேசைத்தளமான க்னோமுக்குப் போய்விட்டதாக 2009 தொடக்கத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். எழுதியவர்கள் நேர்மையாகத்தான் பேசினார்கள், அதில் எனக்கு ஐயமே இல்லை. அவர்கள் சொன்னது நடுவில் இருந்த ஆட்களைத் தாண்டிப் பயனரிடம் போகவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இதற்கு இன்னும் தெளிவான சான்று உண்டு. கர்னலைத் தொகுக்கும்போது (கம்பைல் செய்யும்போது) ‘பரிசோதனை நிலையில் உள்ளவை’ என்று ஒரு பொதுத் தேர்வு பல ஆண்டுகள் இருந்தது. அதை ஆன் செய்தால்தான் முதிராத பகுதிகள் கண்ணில் படும். நாளாக ஆக, தேவையான ஏதோ ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டிருந்ததால் ஏறக்குறைய எல்லா வினியோகங்களும் அதை ஆன் செய்தே வைத்தன. எல்லோரும் ஆன் செய்கிற எச்சரிக்கைக்கு என்ன பொருள் இருக்கிறது? 2013 வாக்கில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். உங்கள் செயலியிலும் ‘பீட்டா வசதிகள்’ என்று ஒரே ஒரு பொத்தான் வைத்தால் இதுதான் நடக்கும். சிங்க் வேண்டும் என்று மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவர் ‘பீட்டா’ என்ற சொல்லைப் பார்த்துத் தயங்க மாட்டார், சிங்க் வந்துவிட்டது என்று மட்டுமே பார்ப்பார்.

என்றைக்காவது எச்சரிக்கை எழுத வேண்டி வந்தால், வசதி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதாதீர்கள், என்ன இழப்பு வரும் என்று எழுதுங்கள். “ஒரே பதிவை இரண்டு போனிலும் திருத்தினால் ஒரு திருத்தம் அழிந்துபோகும்” என்று நேராக எழுதிப் பாருங்கள். அந்த வரியை ஒரு கடைக்காரருக்குக் காட்டக் கை கூசுகிறது என்றால், அதை அவருக்குக் கொடுக்கவும் கூடாது.

இன்னொரு அபாயம் உங்கள் வயதில் கண்ணுக்குத் தெரியாது. தற்காலிகம் என்று வெளியிட்டது அப்படியே நிலைத்துப்போகும். நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் ஸ்விட்ச், ரெஸ்டோர் என்ற இரண்டு கட்டளைகளும் 2019 ஆகஸ்டில் 2.23 பதிப்பில் வந்தன, பரிசோதனை நிலை, நடத்தை மாறலாம் என்ற எச்சரிக்கையோடு. அதற்குள் பாடங்கள் எல்லாம் அவற்றை வைத்தே எழுதப்பட்டு, புதிதாகக் கற்பவர்கள் எல்லாம் அவற்றையே கற்றார்கள். அந்த எச்சரிக்கை விலகியது 2025இல், 2.51 பதிப்பில். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. சர்வர்களில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் கூபர்னெட்டிஸில் நஷ்டம் இருந்தது. வெளியிலிருந்து வரும் போக்குவரத்தை வழிநடத்துகிற இன்கிரஸ் என்ற பகுதி 2015இலிருந்து 2020 வரை பீட்டாவிலேயே இருந்தது. உலகமே அதைப் பீட்டா என்று நினைக்காமல் உற்பத்திச் சூழலில் ஓட்டிக்கொண்டிருந்தது. 2021இல் 1.22 பதிப்பு பழைய பீட்டா வடிவத்தை நீக்கியபோது, பலரும் தங்கள் அமைவுக் கோப்புகளைத் தேடித் தேடி மாற்ற வேண்டி வந்தது. இந்த மாதிரி நிலையைத் தவிர்க்க அவர்கள் செய்த ஏற்பாட்டைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பீட்டா ஏபிஐ (மற்ற நிரல்கள் பேசுவதற்கான இடைமுகம்) எதுவும் காலவரம்பின்றி அப்படியே இருக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். 2022இல் வந்த 1.24இலிருந்து, புதிதாக வருகிற பீட்டா ஏபிஐ எதுவும் தானாக ஆன் ஆகாது, வேண்டுபவர்தான் ஆன் செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு உங்கள் இரண்டாவது நண்பர் ஜெயித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. முழுதாக முடியும்வரை பிராஞ்சிலேயே இருக்கட்டும் என்பது சிங்க்கைக் கொல்கிற வழி. நீங்கள் மெயினில் (முதன்மை நிரலில்) மாற்றுகிற ஒவ்வொரு வரிக்கும் அந்த மாணவர் தன் பிராஞ்சை இழுத்துப் பிடித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறார். சம்பளம் இல்லாமல், படிப்புக்கு இடையில். அவருக்கு வேலை கிடைத்த மறுநாள் அந்தப் பிராஞ்ச் அநாதை. மெர்ஜ் செய்வது, அதாவது மெயினில் சேர்ப்பது வேறு, பயனருக்குத் திறந்துவிடுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பதுதான் உங்கள் மூவரின் சண்டைக்கும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கர்னலில் 2008இலிருந்து ஸ்டேஜிங் என்று ஒரு அடைவு (ஃபோல்டர்) இருக்கிறது. தரம் எட்டாத டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) மெயின் மரத்துக்குள்ளேயே, ஆனால் தனி அறையில் இருக்கும். ஒவ்வொன்றோடும் இன்னும் என்ன பாக்கி என்று எழுதிய ஒரு கோப்பு இருக்கும். அதை ஏற்றினால் கர்னல் தன்மேல் ஒரு கறைக்குறி இட்டுக்கொள்ளும், அதனால் யாராவது பக் புகார் அனுப்பினால் முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். வேலை நடந்தால் டிரைவர் வெளியே வந்து உரிய இடத்துக்குப் போகும். யாரும் தொடாமல் கிடந்தால் நீக்கிவிடுவார்கள். உங்கள் சிங்க்குக்கு இதையே செய்யுங்கள். சிறு சிறு துண்டுகளாக மெயினில் சேருங்கள். வெளியீட்டுப் பதிப்பைத் தொகுக்கும்போது அந்தப் பகுதி உள்ளேயே போகாதபடி செய்யுங்கள், செட்டிங்ஸில் மறைத்து வைத்தால் போதாது. பாக்கி வேலைகளை ஒரு கோப்பில் எழுதி நிரலுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஆள் பயன்படுத்தினால்தான் பக் தெரியும் என்று முதல் நண்பர் சொல்வதும் உண்மை. அதற்கு வழி இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியின் 3.13 பதிப்பு வந்தபோது, பல இழைகள் (த்ரெட்) உண்மையிலேயே ஒரே நேரத்தில் ஓடும்படி, ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் ஓடவிடுகிற பெரிய பூட்டை எடுத்துவிட்ட வடிவத்தையும் பரிசோதனையாகக் கொடுத்தார்கள். இயல்பான பைத்தானுக்குள் ஒரு பொத்தானாக அதை வைக்கவில்லை, தனியாகத் தொகுத்த, தனிப் பெயருள்ள இயக்கக் கோப்பாகக் கொடுத்தார்கள். வேண்டும் என்று தேடி வந்தவர் மட்டுமே அதைத் தொட முடிந்தது. ஆண்ட்ராய்டில் இது இன்னும் சுலபம். செயலியின் அடையாளப் பெயரை மாற்றித் தொகுத்தால் அது வேறு செயலியாகவே நிறுவப்படும், பழையதன் தரவை அதனால் தொட முடியாது. ஐகானின் நிறத்தையும் மாற்றிவிடுங்கள், பார்த்தவுடன் தெரியட்டும். உங்கள் ஊரில் இரண்டு மூன்று கடைக்காரர்களிடம் நேரில் போய், உண்மைக் கணக்கின் நகலை அதில் ஏற்றிக் கொடுத்து, “அசல் கணக்கைப் பழைய செயலியிலேயே எழுதுங்கள், இதில் விளையாடிப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். அவர்கள் கடையில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பாருங்கள். முகம் தெரியாத நூறு பேரின் பீட்டாவில் கிடைப்பதைவிட அங்கே அதிகம் கிடைக்கும், ஏனென்றால் கடைக்காரர் எந்த அவசரத்தில் எந்த விரலால் எதை அழுத்துகிறார் என்பதை எந்தப் பக் புகாரும் சொல்லாது.

இப்போது சிங்க்கையே பார்ப்போம். எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. அழித்த பதிவு ஏன் திரும்பி வருகிறது? முதல் போனில் அது இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. அது அழிக்கப்பட்டதா, இன்னும் வந்து சேரவில்லையா என்று நிரலுக்குத் தெரியவில்லை, புதியது என்று நினைத்து மறுபடி எழுதிவிடுகிறது. திருத்தம் ஏன் காணாமல் போகிறது? கடைசியாக வந்தது ஜெயிக்கட்டும் என்று எழுதியிருப்பீர்கள். எது கடைசி என்று முடிவு செய்வது போன்களின் கடிகாரம். இரண்டு போனின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இரண்டுக்கும் தீர்வு கணக்கு எழுதும் பழக்கத்திலேயே இருக்கிறது. ஒழுங்காகப் பேரேடு எழுதுபவர் எதையும் அழிக்க மாட்டார். தப்பாக எழுதிவிட்டால் எதிர்ப் பதிவு போட்டுவிட்டுச் சரியானதைப் புதிதாக எழுதுவார். உங்கள் டேட்டாபேஸும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் எந்தப் போனிலும் திரும்ப வராத ஒரு தனி அடையாளம் கொடுங்கள். திருத்தம் என்றால் ‘இந்தப் பதிவுக்குப் பதில் இது’ என்று ஒரு புதிய பதிவு. அழிப்பதென்றால் ‘இது இனி செல்லாது’ என்று இன்னொரு பதிவு. சேர்ப்பது மட்டுமே நடக்கிறது என்றால் இரண்டு போனின் கணக்கையும் ஒன்றாகச் சேர்ப்பதில் எதுவும் தொலையாது. ஒரே பதிவுக்கு இரண்டு பக்கமும் திருத்தம் வந்திருந்தால் இரண்டையும் காட்டி, எது சரி என்று கடைக்காரரையே கேளுங்கள். அவருக்குத்தான் தெரியும், உங்கள் நிரலுக்குத் தெரிய வழியே இல்லை. கூகுள் டாக்ஸ் மாதிரி ஒரே வரியில் இருவர் தட்டச்சு செய்கிற சிக்கலான வழிமுறைகள் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

இந்த மாற்றத்துக்கு நேரம் ஆகும். அதுவரை கடைக்காரர்களுக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. வசதியை வெட்டிச் சிறிதாக்குங்கள், மிஞ்சுவது முழுமையாக இருக்கும் அளவுக்கு. கடைப் போனில் எழுதுவது, வீட்டுப் போனில் பார்ப்பது, அவ்வளவுதான். வீட்டுப் போனில் திருத்த முடியாது. ஒரு போன் மட்டுமே எழுதுகிறது என்றால் இரண்டு திருத்தம் மோதுவதற்கு இடமில்லை, வீட்டில் இருப்பது எப்போதும் நகல்தான். மோதலுக்கான நிரலை விட்டுவிட்டு, அனுப்பிப் பெறுகிற பகுதியை மட்டும் மாணவர் எழுதியதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்ட கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு வீட்டிலிருந்து எழுத வேண்டும், எத்தனை பேருக்குப் பார்த்தால் போதும் என்று விசாரித்துப் பாருங்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யார் எவ்வளவு பாக்கி என்று பார்க்கத்தான் பலரும் கேட்பார்கள் என்பது என் ஊகம்.

அதற்கு முன் ஒரு வேலை, அதைத் தள்ளிப்போடவே கூடாது. கணக்கு முழுவதையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கிற பொத்தான் உங்கள் செயலியில் இருக்கிறதா? இல்லையென்றால் அதுவே அடுத்த பதிப்பின் முதல் வேலை. டேட்டாபேஸின் வடிவம் மாறுகிற ஒவ்வொரு அப்டேட்டிலும், மாற்றுவதற்கு முன் பழைய டேட்டாபேஸை அப்படியே ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் வரும் வழி ஒன்று இருந்தால் உங்களுக்கும் துணிச்சல் வரும்.

வரைபட அறிக்கையில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அது டேட்டாபேஸைப் படிக்கிறது, எழுதுவதில்லை. கோடு கோணலாக வந்தாலும், சில மாதங்களுக்கு மட்டுமே வந்தாலும், அழகில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. கூட்டுத்தொகை மட்டும் சரியாக இருக்க வேண்டும். தப்பான எண்ணைக் காட்டுகிற வரைபடம் அரைகுறை அல்ல, அது பிழை. கூட்டுத்தொகை சரிதான் என்று உறுதி செய்துவிட்டு வெளியிடுங்கள். லிப்ரே ஆபிஸ், கிம்ப் போன்ற பெரிய மென்பொருள்களில்கூடப் பரிசோதனை வசதிகளுக்கென்று விருப்பங்களில் ஒரு மூலை உண்டு. இந்த மாதிரி வசதிக்கு அது பொருந்தும். உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை, நேராக மெனுவிலேயே வைக்கலாம்.

மாணவரிடம் நீங்களே பேசுங்கள், மெசேஜில் வேண்டாம். அவர் எழுதியதில் அனுப்பிப் பெறுகிற பகுதி அடுத்தடுத்த பதிப்பில் மெயினுக்கு வருகிறது, அவர் பெயரோடு வருகிறது என்று சொல்லுங்கள். மோதலைத் தீர்க்கிற பகுதி ஏன் வரவில்லை என்பதற்கு அந்த ஐந்நூறு ரூபாய்க் கதையைச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார். பேரேட்டு முறைக்கு மாற்றுவதை அவரும் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். அவர் தனியாகச் செய்யட்டும் என்று மறுபடி விடாதீர்கள். ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் இரு வழி சிங்க், நகல் கணக்கு வைத்திருக்கிற கடைகளில் ஒரு மாதம் ஒரு பதிவும் தொலையாமல் ஓடியிருந்தால் வெளியீட்டுப் பதிப்பில் சேருங்கள். ஓடவில்லை என்றால் அந்த நிரலை மெயினிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வழி நகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியீட்டுக் குறிப்பில் இரு வழி சிங்க் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள், கேட்டுக்கொண்டே இருப்பவர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.